ஈயா, கொசுவா, இரண்டும் இல்லையா? கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். இரண்டு வருடம் முன்பு, மழை விட்ட கையோடு, குளியலறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சிகள். "கொசு பெருத்துப்போச்சு" என்றார் அம்மா. மருந்து அடிக்கும் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்து எட்டிப் பார்த்தார், "கொசுதான் சார்" என்றார், அடித்துவிட்டு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் காலையில் பல் துலக்கப் போனால் அதே சுவர், அதே பூச்சி. திரும்பக் கூப்பிட்டதற்கு டபுள் டோஸ் அடிக்க வேண்டும், தனிக் காசு என்றார்.

அது கொசுவே இல்லை, சாக்கடை ஈ. தண்ணீர் போகிற துளையின் உள்சுவரில் படிந்த வழுக்கலில் பிறந்து மேலே வந்து உட்காருவது. மருந்து விழுந்ததோ ஓட்டுச் சுவரில். 40 ரூபாய் பிரஷ்ஷால் தேய்த்திருந்தால் முடிந்திருக்கும்.

அந்த எரிச்சலில்தான் ஈக்களைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் ஆறு மாதம் செய்தது எல்லாமே தப்பு. நானூறு படம் எடுத்து அதில் இருபதுதான் தேறியது. நீங்கள் அந்த ஆறு மாதத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சியின் முழு அறிவியல் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது. எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் போதும், அது எங்கே முட்டை வைக்கும் என்று தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் விவசாயிக்கும் வேண்டியது அதுதான்.

1. முதலில் இறக்கையை எண்ணுங்கள்

ஈ, கொசு, மிட்ஜ் (கொசு மாதிரியே இருக்கும் சின்னப் பூச்சி) எல்லாம் ஒரே பெருங்கூட்டம். அடையாளம்: ஒரே ஒரு ஜோடி இறக்கை. பின் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அவைதான். கால் நீண்ட பெரிய கொசு மாதிரி ஒன்று மழைக்காலத்தில் சுவரில் உட்கார்ந்திருக்குமே, அதில் இந்தக் குமிழைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது கடிக்காது, பயப்படாமல் கிட்டே போய்ப் பாருங்கள்.

நம்மைக் கவிழ்ப்பது பெயர்தான். தேனீ பெயரில் ஈ இருக்கிறது, ஆனால் அதற்கு நாலு இறக்கை, அது குளவிக்குச் சொந்தம். தென்னை ஓலைக்கு அடியில் வட்டம் வட்டமாக வெள்ளை மாவு பூசினது போல இருக்கும் சுருள் வெள்ளை ஈயும் ஈ அல்ல. அது மாவுப்பூச்சி, அசுவினி வகையறா, சாறு உறிஞ்சுவது. முதல் மழைக்கு விளக்கைச் சுற்றி வரும் ஈசல், இறக்கை முளைத்த கரையான். இவற்றை ஒதுக்கினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதை நான் செய்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் செவ்வந்திச் செடியைச் சுற்றி நின்ற பூச்சிகளை எல்லாம் தேனீ என்று வரிசையாகப் பதினொரு பதிவு போட்டேன். பதினொன்றும் மிதவை ஈ. அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் நகரும், திரும்ப அதே இடத்தில் நிற்கும். தேனீ அப்படி நிற்காது. மிதவை ஈக்கு உணர்கொம்பு இருக்கிறதா என்றே தெரியாத அளவு குட்டை. கண்ணோ தலையை அடைத்துக்கொண்டிருக்கும். நம் பக்கம் காணும் ஒரு வகைக்குக் கண் முழுக்கப் புள்ளி. சேலைத் துணியில் அச்சடித்த மாதிரி இருக்கும்.

(மிட்ஜ் என்பதற்கு நம் ஊரில் புழங்கும் தனிச் சொல் எதுவும் என் காதில் விழவில்லை. "கொசு மாதிரி, ஆனா கடிக்காது" என்பார்கள். நான் மிட்ஜ் என்றே எழுதுகிறேன்.)

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

மைக்ரோஸ்கோப், நல்ல கேமரா எதுவும் இப்போது வேண்டாம். நான் வாங்கியது இவ்வளவுதான்:

போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், 350 ரூபாய். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி பத்து, 60 ரூபாய். செத்த பூச்சியைக் கெடாமல் போட்டு வைக்க மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 50 ரூபாய்க்குள். பழைய கொசுவலைத் துண்டைக் கம்பி வளையத்தில் தைத்துத் தரத் தையல்காரர் வாங்கியது 80. ஒரு பென்சில், ஒரு நோட்டு. எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் அடங்கியது. உங்கள் ஊரில் பத்து இருபது கூடக் குறைய இருக்கலாம்.

லென்ஸ் வாங்கும்போது ஒரு விஷயம். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மடங்கு கூடக் கூட, பூச்சிக்கு அவ்வளவு கிட்டே போக வேண்டும். ஒரு விரல் அகலத்துக்குள் போனால் எந்த ஈ உட்கார்ந்திருக்கும்? குறைந்த மடங்கே போதும்.

பென்சில் என்று சொன்னது வேண்டுமென்றேதான். குப்பிக்குள் போடும் சீட்டைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். ஒரு வாரத்தில் மை கரைந்து, நீல நிறத் தண்ணீரும் வெற்றுக் காகிதமும் மிஞ்சின. பென்சில் எழுத்து கரையாது.

3. எப்போது போவது

காலை ஆறரையிலிருந்து எட்டு. வெயில் ஏறாத நேரத்தில் ஈக்கள் மந்தமாக இருக்கும், போனை நீட்டினாலும் உடனே பறக்காது. ஒன்பதுக்கு மேல் போனால் நீங்கள் துரத்துவீர்கள், அது விளையாடும். மிட்ஜ்களுக்கு மட்டும் நேரம் வேறு, பொழுது சாய்ந்து விளக்குப் போடும் வேளை.

மாதக் கணக்கில் பார்த்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போய்ப் பிரயோசனம் இல்லை. மழை விட்டதும் மார்கழி, தையில் ஏரிக்கரை மிட்ஜ், சாக்கடை ஈ, கொசு எல்லாம் கூட்டமாக வரும். சித்திரை, வைகாசியில் மாங்காயும் பண்ருட்டிப் பலாவும் வந்தால் பழ ஈக்கள். மழை மூட்டம் போட்டு மீன் காயாத நாட்களில் பச்சை ஈ.

4. படம் எடுக்கும் முறை

என் நானூறில் முந்நூற்றெண்பது வீணானதற்குக் காரணம், எல்லாமே மேலிருந்து எடுத்த ஒரே கோணப் படங்கள். ஈயை மேலிருந்து மட்டும் பார்த்தால் எல்லா ஈயும் ஈதான்.

ஒரு பூச்சிக்கு நாலு படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, முதுகுக் கோடுகள் தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று, காலும் வாயும் தெரியும்படி. முகத்துக்கு நேரே ஒன்று. இறக்கை நரம்புகள் தெரிய ஒன்று. இந்த நாலோடு, கடைசியாக இரண்டடி தள்ளி நின்று, பூச்சி உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு படம். அது மாட்டு முதுகா, மீன் பாயா, சாக்கடை மூடியா, வாழை இலையா என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

பறந்துவிடும் பூச்சியைக் குப்பியில் பிடித்து, பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சோம்பிப்போய் உட்காரும். வெளியே எடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குப்பியை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் தயிருக்குப் பக்கத்தில் ஒரு ஈ உயிரோடு இருந்த நாளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

5. நம் வட்டாரத்தில் அடிக்கடி கண்ணில் படுபவை

இடவாரியாகச் சொல்கிறேன்.

அ) வீட்டுக்குள்

சாக்கடை ஈயிலிருந்தே ஆரம்பிக்கலாம். உட்கார்ந்தால் இதய வடிவம். இறக்கை முழுக்க மயிர், குட்டி விட்டில் பூச்சி போல. நம் குளியலறைகளில் அதிகம் தெரியும் வகைக்கு இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். சுவரில் உட்கார்ந்திருக்கும், விரட்டினால் ஒரு முழம் பறந்து மறுபடி உட்காரும். கடிக்காது.

எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் துளையின் வாயைத் துடைத்துக் காயவைத்து, பசை பக்கம் கீழே இருக்கும்படி செல்லோடேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். முழுக்க அடைக்காமல் காற்றுப் போக இடம் விடுங்கள். காலையில் டேப்பில் பூச்சி ஒட்டியிருந்தால் அதுதான் வாசல். எங்கள் வீட்டில் குளியலறை என்று நினைத்தது, கடைசியில் வாஷிங்மெஷின் தண்ணீர் போகும் துளை. நீளப் பிரஷ் விட்டு உள்சுவர் வழுக்கலைத் தேய்த்து எடுத்தேன், ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. அதோடு சரி. பினாயில் ஊற்றுவது பெரும்பாலும் வீண். வழுக்கலின் மேலேயே வழிந்து போய்விடும், உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

சாதாரண ஈக்களில் கோடு எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் உள்ள முதுகில் நாலு கறுப்புக் கோடு என்றால் வீட்டு ஈ. இரண்டே பட்டையான கோடு என்றால் சந்தை ஈ, வெளியே குழந்தைகளின் கண்ணிலும் புண்ணிலும் மொய்ப்பது அதிகமும் இதுதான். மூன்று கோடு, வயிறு சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக, உருவமும் பெரிது என்றால் இறைச்சி ஈ. இந்த இறைச்சி ஈ முட்டை வைக்காது, நேரே புழுவாகவே போடும். "இப்பத்தான் மூடி வச்சேன், அதுக்குள்ள புழுவா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்.

வீட்டு ஈ நம் வெயிலில் முட்டையிலிருந்து ஈயாக ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். வாரத்துக்கு ஒரு முறை குப்பை எடுத்தால், எடுக்கிற நாளுக்குள் ஒரு தலைமுறை தயாராகிவிடலாம். வாரம் இரண்டு முறை எடுத்தால் அதற்கு நேரம் போதாது.

வாழைப்பழத் தட்டைச் சுற்றும் சிவப்புக் கண் பொடி ஈ, பழ ஈ என்று சொல்லப்படும் இரண்டில் ஒன்று. இன்னொன்றைத் தோட்டத்தில் பார்ப்போம். கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டு வைத்தால் விழுந்துவிடும்.

கொடிக்கயிற்றின் தொங்கும் நுனியிலும், பழைய ஒயரிலும், ஒட்டடை நூலிலும் கறுப்பு மணி கோத்த மாதிரி நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருக்கும் பொடிப் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் போனால் கண்ணைச் சுற்றி மொய்க்கும். அவை கண் ஈக்கள். அறிவியல் பெயர் சிபன்குலினா ஃபியூனிகோலா. இரண்டாம் பாதியில் கயிறு என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. பெயர் வைத்தவரும் ஏதோ ஒரு கொடிக்கயிற்றைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் போல. கயிற்று நுனியைக் கத்தரித்துவிட்டால் உட்கார இடம் குறையும்.

ஆ) ஏரிக்கரையும் தெருவிளக்கும்

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். தை மாதம், பாகூர் ஏரிப் பக்கமோ ஊசுட்டேரிப் பக்கமோ பெருமாள் ஏரிப் பக்கமோ இருக்கும் வீடுகளில், ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கொசு மாதிரி வரும். காலையில் விளக்குக்குக் கீழே குவியலாகச் செத்துக் கிடக்கும். "கொசு மருந்துப் புகை போடுங்கள்" என்று மனு எழுதும் முன் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

வாயைப் பாருங்கள். கொசுவுக்கு முகத்திலிருந்து ஊசி போல நீளமான குழல் நீட்டிக்கொண்டிருக்கும். மிட்ஜுக்கு அது கிடையாது, முகம் மொட்டையாக முடிந்துவிடும். பிறகு காலைப் பாருங்கள். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது நம் வீட்டுக் கொசு பின்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். மிட்ஜ் முன்னங்கால் இரண்டையும் கும்பிடுவது போல முன்னால் தூக்கிக்கொண்டிருக்கும். இறக்கை, மிட்ஜுக்கு உடம்பைவிடக் குட்டை, செதில் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். இறகு போன்ற உணர்கொம்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண் கொசுவுக்கும் அது உண்டு, ஆண் மிட்ஜுக்கும் உண்டு. நான் முதல் மாதம் முழுக்க இதில்தான் வழுக்கினேன்.

இந்த மிட்ஜ்கள் கடிக்காது. வளர்ந்த பூச்சிக்கு ஆயுளே சில நாட்கள்தான். வீட்டு வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வைப்பது புகையைவிட நல்லது. ஆனால் செத்த குவியலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தப் பொடி சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், இழுப்பு இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சம்ப்பில், தண்ணீர்த் தொட்டியில் நெளியும் சிவப்புப் புழு இதே குடும்பத்தின் பிள்ளைதான். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் அந்தச் சிவப்பு. நோய் தராது. ஆனால் அடியில் வண்டல் சேர்ந்துவிட்டது, தொட்டி கழுவ நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

கடிக்கும் மிட்ஜ் தனி. எள்ளைவிடச் சின்னது, இறக்கையில் புள்ளி புள்ளியாக இருக்கும், முதுகின் மேல் தட்டையாக மடித்து வைக்கும். ஆடு வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், நீலநாக்கு நோயைப் பரப்புவது இது. மணல் ஈயும் ஏறக்குறைய இதே அளவுதான், ஆனால் இறக்கையை மடிக்காமல் ஆங்கில வி எழுத்துப் போல மேலே தூக்கி வைத்திருக்கும், தத்தித் தத்திப் போகும். பெயரை வைத்துக் கடற்கரை மணலில் தேடாதீர்கள். மாட்டுக் கொட்டகைச் சுவர் வெடிப்பில் பாருங்கள்.

இ) மீன் காயும் இடம்

பச்சை ஈ பார்க்கக் கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், அந்தப் பக்கம் வீராம்பட்டினம் போதும். கேட்காமல் போனை எடுக்காதீர்கள். நான் குனிந்து பாயில் இருந்த ஈயைப் படம் எடுக்கப் போக, ஒரு அக்கா ஓடி வந்து, "நீ இன்னா, சுகாதார ஆபீஸா? ஈ மொய்க்குதுன்னு எழுதப் போறியா?" என்றார். நியாயமான கோபம். அவர் பிழைப்பு அது. விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்தப் பக்கம் வா, ஈரமா கீறதுலதான் அது குந்தும். உப்பு ஏறி வெயில்ல காஞ்சதுகிட்ட வராது" என்று காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது அப்படியே சரி. நாற்பது பச்சை ஈ அன்று போட்ட பாயில், முந்தாநாள் மீனில் ஒன்றுகூட இல்லை.

இங்கே பெரும்பாலும் இருப்பது கிரைசோமியா மெகாசெபாலா. நீலமும் பச்சையும் கலந்து மின்னும் உடம்பு, செங்கல் நிறத்தில் பெரிய கண், முகம் மஞ்சள் ஆரஞ்சு. ஆணுக்குக் கண் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். வயிற்றில் கட்டுக்குக் கட்டு கறுப்புக் கோடு ஓடும். கோடே இல்லாமல் ஒரே பச்சையாக மின்னினால் அது லூசிலியா, வேறு ஆள். போன் படத்தில் இவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈ எங்கெல்லாம் உட்கார்ந்துவிட்டு அங்கே வந்தது என்று உங்களுக்கும் தெரியும்.

ஈ) மாடும் நாயும்

"மழைக்காலத்துல வீட்டு ஈ கடிக்குது" என்பார்கள். வீட்டு ஈயால் கடிக்கவே முடியாது, அதன் வாய் ஒற்றியெடுக்கும் பஞ்சு. கடித்தது தொழுவ ஈ. பார்க்க அச்சு அசல் வீட்டு ஈ மாதிரியே இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் முகத்துக்கு முன்னால் கறுப்பு ஊசி நீட்டியிருந்தால் அதுதான். மாட்டின் காலில்தான் அதிகம் உட்காரும், ஆணும் பெண்ணும் இரண்டுமே ரத்தம் குடிக்கும். ஈர வைக்கோலும் சாணமும் கலந்து கிடக்கும் மூலையில் பெருகும்.

நாய் காதோரம் தட்டையாக, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும் ஈ ஒன்று உண்டு. விரலால் அழுத்தினாலும் நசுங்காது. உண்ணி என்று பிடுங்கப் போனால் பறந்துவிடும். மாட்டுக்கும் இதன் உறவுக்காரர் ஒன்று இருக்கிறது.

உ) தோட்டமும் வயலும்

மாங்காயில் ஊசி குத்தின மாதிரித் துளை, வெட்டினால் உள்ளே புழு. இது இரண்டாவது பழ ஈ. வீட்டு ஈ அளவு, பழுப்பு உடம்பில் மஞ்சள் கோடு, குளவி மாதிரித் தோற்றம். வாழைப்பழப் பொடி ஈக்குச் சொல்லும் வினிகர் இதற்கு ஆகாது. ஈயை வாசனையால் இழுக்கும் மருந்து இரண்டு: மெத்தில் யூஜினால் போட்ட பொறி மாங்காய், கொய்யா ஈக்கும், கியூலூர் போட்டது பாகல், புடலை, பூசணி ஈக்கும். கடையில் "பழ ஈப் பொறி" என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள், பயிரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டிலும் விழுவது ஆண் ஈ மட்டும். பொறி நிறைந்துவிட்டது என்று விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த கூட்டமாக வரும்.

நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ. பெயர் ஈ, உண்மையில் மிட்ஜ், கொசு அளவுதான். பெண்ணின் வயிறு ஆரஞ்சுச் சிவப்பு, ராத்திரி விளக்குக்கு வரும். குருத்து விரியாமல் வெங்காயத் தாள் போலக் குழலாக, வெளிறி நீண்டால் அதன் வேலை. அந்தத் தூரில் கதிர் வராது. அதனால் குழலைப் பார்த்துப் பூச்சியைத் தேடுவதைவிட, நட்ட நாள் முதல் விளக்கடியில் பூச்சியைப் பார்த்து வைப்பது மேல்.

கொல்ல வேண்டாத ஆட்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி இலை மேல் தங்கப் பச்சையாக, நீளக் காலோடு நிற்கும் பொடி ஈ மற்றப் பூச்சிகளைத் தின்பது. சவுக்குத் தோப்பு ஓரம் குச்சி நுனியில் மீசையோடு உட்கார்ந்து, பறக்கிறதைப் பாய்ந்து பிடிப்பது கொள்ளை ஈ. மக்கும் குப்பைத் தொட்டியைச் சுற்றும் கறுப்புக் குளவி போன்றது கறுப்புப் படைவீரன் ஈ. வயிறு தொடங்கும் இடத்தில் இரண்டு கண்ணாடி ஜன்னல் வைத்தாற்போல ஒளி ஊடுருவும். கொட்டாது. உங்கள் குப்பையைச் சீக்கிரம் மட்க வைப்பதே அதன் புழுதான்.

6. எழுதி வைக்க வேண்டியவை

ஒரு முறை இறந்த பூச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டு ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். திறந்தால் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். இருந்தவர் பொறுமையாக, "எங்கே பிடிச்சது? என்னைக்கு? எதுமேல இருந்துச்சு?" என்றார். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்ப இது வெறும் ஈதான் தம்பி" என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சில் சீட்டு: தேதி, நேரம், ஊர், எதன் மேல் இருந்தது, பிடித்தவர் பெயர். போன் படத்துக்கும் இதே குறிப்பு நோட்டில். மிட்ஜ், கொசு, சாக்கடை ஈயை ஆல்கஹாலில் போடுங்கள், ஆனால் படம் எடுத்த பிறகு. நிறமும் மயிரும் போய்விடும். பச்சை ஈ, வீட்டு ஈயை உலரவைத்து டப்பாவில் வைக்கலாம். டப்பாவை இறுக்கமாக மூடுங்கள். திறந்து வைத்த என் முதல் சேகரிப்பை எறும்புகள் ஒரே ராத்திரியில் காலி செய்தன.

அனுமதி விஷயம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். பூச்சிதானே என்று உள்ளே வலை வீசக் கூடாது, பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிச்சாவரம் காட்டுக்கும் அதே கதை. சாலையோரம் நின்று படம் எடுங்கள், பிடிக்கிற வேலையை உங்கள் வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிபுணர் யாராவது மாதிரி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி அதற்குச் சென்னையில் இருக்கும் தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்நாட்டிலும் ஆல்கஹால் குப்பியைத் தபாலில் போட முடியாது, எரியும் திரவம்.

7. யாரிடம் கேட்பது

படத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலி, இலவசம். படம், தேதி, இடம் மூன்றும் இருந்தால்தான் மற்றவர்கள் உறுதி செய்ய முடியும். செயலியே ஒரு பெயரை முன்மொழியும். அதை உடனே அழுத்தாதீர்கள், நம் ஊர் ஈக்கு ஐரோப்பிய ஈயின் பெயரைச் சொல்வது சகஜம். "ஈக்கள்" என்று மேலோட்டமாகப் போட்டாலும் தப்பில்லை. வீட்டில் எடுத்த படம் என்றால் இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குளியலறை வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்.

பயிர்ப் பூச்சிக்குக் கடலூர் மாவட்டத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையம். கொசு, மணல் ஈ போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே புதுச்சேரி இந்திரா நகரில் 1975லிருந்து நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. எங்கே போனாலும் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். சீட்டுப் போட்ட குப்பி, அச்சிட்ட நாலு படம், உங்கள் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்க வேண்டிவரும். குளியலறை ஈக்கு ஒரே நாளில் பெயர் வந்துவிட்டது. மிதவை ஈக்கு ஒரு வாரம். பெருமாள் ஏரிக்கரை டீக்கடை விளக்கில் பிடித்த பச்சை மிட்ஜ் ஒன்று பதினாலு மாதமாகக் குடும்பப் பெயரோடு மட்டும் நிற்கிறது. யாரோ ஒருவர் போன வாரம் கீழே, "ஆணா? பின்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இல்லை. தை பிறந்ததும் அதே டீக்கடைக்குப் போக வேண்டும்.